இரண்டு தரத்துக்கும் மூன்று தரத்துக்கும் நடுவில்

ஏலக்கூடத்துக்கு வந்துபோகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் மூணுதரம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருக்கத்தான் செய்தது. அது மின்கட்டண ரசீதில் மட்டும் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தது. வீடு காலி செய்கிறவர்கள், கடையை இழுத்து மூடுகிறவர்கள், சண்டை போட்டுப் பாகம் பிரிக்கிறவர்கள் எல்லோருடைய கட்டிலும் பீரோவும் கடைசியில் அவர் கூடத்துக்குத்தான் வந்து சேரும். அவர் ஒரு சின்ன மேடையில் ஏறி, மரச்சுத்தியலைப் பிடித்துக்கொண்டு, கால் உடைந்த ஸ்டூலைக்கூட மூன்று காலில் நிற்கிற அபூர்வப் பொருள் என்று சொல்லி யார் தலையிலாவது கட்டிவிடுவார். வாங்கினவன் வீட்டுக்குப் போய்த்தான் திட்டுவான். திட்டிக்கொண்டே அடுத்த ஏலத்துக்கும் வந்து நிற்பான்.

வாய்தான் முதலீடு என்று ஊரே சொல்லும். உண்மையில் அவருடைய முதலீடு வாய் அல்ல, வாயை மூடுகிற நேரம். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று மூச்சு விடாமல் ஓடி வருகிறவர், மூன்றாவது தரத்துக்கு முன்னால் சடாரென்று நின்றுவிடுவார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கூரையில் பல்லி போகிறதா என்று பார்ப்பார். அந்த மௌனத்தில் கூட்டத்தில் எவனுக்காவது வயிறு எரியும். இத்தனை நல்ல பொருளை எதிரே நிற்கிற அந்த மூஞ்சி கொண்டுபோவதா என்று தோன்றும். கை தானாக உயரும். அவரும் ஒன்றும் அறியாதவர் போலக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி ஒரு தரத்திலிருந்து ஆரம்பிப்பார்.

மேடைக்குப் பக்கத்தில் நின்று இழுப்பறையைத் திறந்து காட்டுவது, பலகையைத் தட்டிக் காட்டுவது எல்லாம் அவர் மனைவி. கூடத்தில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு வாய் போதும், அதுவே அதிகம் என்பது அவள் கட்சி.

அன்று மேடையில் நின்றது கண்ணாடி வைத்த ஒரு பெரிய பீரோ. மூணுதரம் வழக்கம்போல அதன் குலம் கோத்திரமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். திடீரென்று, "இந்தக் குடைய நல்லா பாருங்க. கதவு வச்ச குடை. உள்ள நாலு... நாலு மழை வைக்கலாம்" என்றார். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. மூணுதரம் இன்றைக்குப் புதுச் சரக்கு எடுத்து விடுகிறார் என்று நினைத்தார்கள். அவர் இன்னும் ஏதேதோ சொல்ல, சிரிப்பு கூடிக்கொண்டே போனது. ஏலம் கேட்பவர்கள் போட்டி போட்டுக்கொண்டு கை தூக்கினார்கள்.

மனைவி மட்டும் அவர் கையைப் பார்த்தாள். சுத்தியல் கீழே விழுந்து மேடைக்கு அடியில் உருண்டுவிட்டது. அது தெரியாமல் அவர் வெறும் கையால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கையும் முழுசாக எழும்பவில்லை. அவள் மேடையில் ஏறினாள். விற்பனைக்கு வைத்திருந்த நாற்காலி ஒன்றில் அவரைப் பிடித்து உட்கார வைத்தாள். அப்போதுதான் கூட்டத்தின் சிரிப்பு அடங்கியது.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. காவலாளியின் தொப்பியை யாரிடம் வாங்கினாய், நம் கூடத்துக்கு வா, நல்ல தொப்பி இருக்கிறது என்று அவர் பேச ஆரம்பித்திருந்தார். ஆனாலும் ஆஸ்பத்திரிக்காரர்கள் விடவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தில் இடது பக்கமாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் நன்றாகச் சுருங்கியிருந்தது. அதன் சுவரில் படிந்த அழுக்கிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மேலே போய், பேச்சு இருக்கிற இடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கரைந்திருக்கிறது.

"இது எச்சரிக்கைதான்" என்றாள் டாக்டரம்மா. அவளுக்கு வயது குறைவு, குரலும் குறைவு. "அடுத்தது இப்படி அஞ்சு நிமிஷத்துல திரும்பிப் போகும்னு சொல்ல முடியாது. தள்ளிப் போடக் கூடாது."

அவளுக்கு எதிரே மூன்று பேர் இருந்தார்கள்: மூணுதரம், மனைவி, மனைவியின் தம்பி. இந்தத் தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். கற்றுக்கொள்கிறவர்கள் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து, அவன் வலது காலுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எங்கே பயந்தாலும் அந்தக் கால் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதிக்கும். அதனால் அவனுக்குப் பெயர் பிரேக்கு. டாக்டரம்மா பேசி முடிப்பதற்குள் அவன் தரையை எத்தனையோ முறை மிதித்துவிட்டான்.

"டாக்டர், அடைப்பு இருந்தா பைபாஸ் போட்டுத் திருப்பி விட்டுட வேண்டியதுதானே?" என்றான்.

"இது ரோடு இல்ல" என்று டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டாள். இரண்டு வழி இருந்தது. கழுத்தை வெட்டித் திறந்து, குழாயைச் சுத்தம் செய்து தைப்பது ஒன்று. தொடை இடுக்கில் ஊசிபோல ஓட்டை போட்டு, அதன் வழியே கம்பியைக் கழுத்துவரை ஏற்றி, சுருங்கின இடத்தில் பலூனை ஊதி, கம்பிவலைக் குழாய் ஒன்றை விரித்து வைப்பது இன்னொன்று. அதற்குப் பெயர் ஸ்டென்ட். பிய்கிற துணுக்குகள் மேலே போகாமல் பிடிக்க, சின்னக் குடை போன்ற ஒரு வடிகட்டியை முன்னாலேயே விரித்துக்கொள்வார்களாம்.

குடை என்றதும் மூணுதரத்துக்கு முகம் சுண்டியது. ஆனாலும் கேட்டார்: "எது பத்திரம்?"

"ரெண்டுமே பெரும்பாலும் நல்லாத்தான் முடியும். ரெண்டுலயும் கொஞ்சம் ஆபத்து இருக்கு. ஸ்டென்ட் வைக்கும்போது பக்கவாதம் வர்ற வாய்ப்பு, வெட்டுறதைவிடக் கொஞ்சம் கூடுதல். வயசு ஏற ஏற அது இன்னும் கூடும். வெட்டுனா இதயத்துக்குச் சிரமம் கூடுதல். அப்புறம் அந்த இடத்துல நரம்பு நிறைய ஓடுது."

"கொஞ்சம் குறைச்சுச் சொல்லக்கூடாதா?"

"இதுல பேரம் கிடையாதுங்கய்யா."

"என்ன நரம்பு அது?"

டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினாள். "குரலுக்கும் நாக்குக்கும் போற நரம்பு. எப்பவாவது அதுக்கு அடி படும். குரல் கம்மிப்போகும். அனேகமா திரும்பி வந்துடும். சிலருக்கு வர்றதில்ல."

மூணுதரம் தாளைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "ஆக, கத்தி வச்சா சத்தம் போகலாம். கம்பி வச்சா சொல்லு போகலாம். எப்படிப் போனாலும் என் வாய்ல வந்துதான் நிக்குது."

அவள் மறுக்கவில்லை. அவருக்கு இன்னும் எழுபது ஆகவில்லை, கழுத்தும் குட்டை, அடைப்பு தாடைக்குக் கீழே உயரத்தில் இருக்கிறது, கத்திக்கு எட்டுவது கஷ்டம், அதனால் தன் மனசு ஸ்டென்ட் பக்கம் சாய்கிறது என்றாள். முடிவு அவருடையது. யோசித்துவிட்டு மறுநாள் சொல்லச் சொன்னாள்.

வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்கு வந்து யோசித்திருப்பார்கள். மூணுதரம் ஒத்திகை பார்த்தார். எதையும் ஓட்டிப் பார்க்காமல் வாங்குகிற ஆள் இல்லை அவர். மறுநாள் காலையில் குரல் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு, காற்றில் கிசுகிசுத்தபடி இருந்து பார்த்தார். குளியலறையிலிருந்து துண்டு கேட்டது யார் காதிலும் விழவில்லை. சொட்டச் சொட்ட நின்றார். காப்பிக்குச் சர்க்கரை போதவில்லை என்றதற்கு மனைவி, "ஆமா, நல்ல வெயில்தான்" என்றாள். அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருந்தது. "நம்ம வீடு இவ்வளவு பெருசுன்னு இத்தனை நாள் தெரியாமப் போச்சே" என்று கூடத்தின் நடுவில் நின்று சொன்னாள். அவர் கிசுகிசுப்பாகக் கோபித்துக்கொண்டார். கிசுகிசுப்பாகக் கோபித்துக்கொள்வது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அப்போது தெரிந்தது.

மத்தியானத்துக்கு மேல் அடுத்த ஒத்திகை: சத்தம் உண்டு, சொல் இல்லை. இதை யாரிடமாவது செய்து பார்த்தால்தானே பலம் தெரியும்? பிரேக்கு வாசலில் நுழைந்தது அவனுடைய கெட்ட நேரம். மூணுதரம் வாயைக் கோணிக்கொண்டு, "பப்ப... பபா... பீ" என்றார். பிரேக்கின் கால் தரையை மிதித்தது. அவன் செருப்பை விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினான். அவனுடைய காரிலேயே ஒரு அம்மாள் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தாள். வண்டி பழக வந்து இரண்டாவது நாள். "ரிவர்ஸ் எடுங்க, வாசலுக்கு ஏத்துங்க!" என்று அவன் கத்த, அந்த அம்மாள் முன்னால் போய் எதிர்வீட்டுப் பூந்தொட்டிகளை வரிசையாகச் சாய்த்துவிட்டு நின்றாள்.

சத்தம் கேட்டு மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். கையில் கரண்டி. நாற்காலியில் அவர் விலா நோகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்தாள். வெளியே பார்த்தாள். கரண்டியை மெதுவாக மேசைமேல் வைத்தாள். திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"இன்னொரு தடவை இதை வச்சு நடிச்சீங்கன்னா," என்றாள், "நிஜமாவே வந்தாலும் நான் திரும்பிப் பாக்க மாட்டேன்."

அவர் அசடு வழிந்தார். சிரிப்பு அடங்கியதும் உள்ளே ஏதோ ஒன்று மட்டும் அடங்கவில்லை. வாயைக் கோணிக்கொண்டு 'பப்ப' என்றபோது, ஒரு நொடி, தான் நடிக்கிறோமா இல்லையா என்று அவருக்கே சந்தேகம் வந்திருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டென்டே வைத்துக்கொள்கிறேன் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு, எதிர்வீட்டுக்குப் புதுத் தொட்டி வாங்கிக் கொடுத்தார்.

ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு விதமான மாத்திரைகளைச் சில நாள் தின்ன வைத்துவிட்டு ஒரு காலை நேரத்தில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். அறை குளிர்ந்து கிடந்தது. தலைக்கு மேல் பெரிய விளக்கு, பக்கத்தில் வரிசையாகத் திரைகள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயந்திரம் பார்க்கிற ஒரு ஆள். தூங்க வைக்க மாட்டோம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தொடை மட்டும் மரத்துப் போனது. நர்ஸ் அவர் வலது கையில் ஒரு மஞ்சள் ரப்பர் வாத்தை வைத்தாள். அமுக்கினால் கீச்சென்று கத்துகிற வாத்து.

"விளையாட்டுக்கு இல்லைங்கய்யா" என்றாள் டாக்டரம்மா. "உங்க மூளையோட இடது பக்கம்தான் வலது கையை ஆட்டுது. நான் அப்பப்ப அமுக்கச் சொல்வேன். கீச்சுன்னா நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம். நடுவுல பேசலாம், எனக்கும் அது உதவிதான். படம் எடுக்கும்போது மட்டும் பேசாதீங்க. தலையை அசைக்கவே கூடாது."

பேசலாம் என்று மூணுதரத்திடம் சொல்வது யானைக்குக் கரும்புத் தோட்டத்தைத் திறந்துவிட்டது மாதிரி. படுத்த வாக்கிலேயே மேலே பார்த்தார். "இந்த விளக்கு," என்று ஆரம்பித்தார், "ராஜா வீட்டு விளக்கு. எத்தனையோ பேரோட உள்ளுறுப்பையெல்லாம் பாத்த அனுபவசாலி. கரண்ட் பில் மட்டும் கொஞ்சம் அதிகம். யார் கேக்குறீங்க?"

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் ரெண்டு நாள் லீவைத் தர்றேன்" என்றாள்.

"ரெண்டு நாள் லீவு, ஒரு தரம்!"

ஒலிபெருக்கியில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த ஆளின் குரல் வந்தது: "என் பழைய பைக்கு. செயின் இல்ல."

"செயின் இல்லாத பைக்கு, ஒரு தரம்! அம்மா, லீவோட உங்க மேலதிகாரியையும் சேத்துத் தர்றீங்களா?"

"அமுக்குங்க" என்றாள் டாக்டரம்மா. கீச். அவளும் சிரித்ததை முகமூடிக்கு மேலே கண்கள் காட்டிக்கொடுத்தன. ஆனால் கைகள் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தபடி கம்பியை நூல் கோப்பதுபோல ஏற்றிக்கொண்டிருந்தன. குடை விரிந்தாயிற்று என்று தாழ்ந்த குரலில் யாருக்கோ சொன்னாள்.

மூணுதரத்துக்கு உற்சாகம் தலைக்கேறியது. தொழில் ரகசியத்தையும் அவிழ்த்துவிட்டார். "ரெண்டு தரம் சொன்னதும் நான் நிறுத்திடுவேன். அப்பத்தான் உங்களுக்கெல்லாம் ஆசை வரும். பாத்துக்கிட்டே இருங்க." குரலை ஏற்றினார். "செயின் இல்லாத பைக்கு... ஒரு தரம். ரெண்டு தரம்..."

நிறுத்தினார். அறையில் இயந்திரங்களின் சின்னச் சின்னச் சத்தம் மட்டும் கேட்டது. நர்ஸ் இன்னும் ஏற்றிக் கேட்கப்போகிறாள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மூக்கு அதை மோப்பம் பிடித்துவிட்டது. டாக்டரம்மா, "பலூன்" என்றாள்.

கழுத்துக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்தினார்கள். விளக்கு தூரமாகப் போனது. குளிர் காலிலிருந்து ஏறியது. போதும், ஏலத்தை முடித்துவிடலாம் என்று மூணுதரம் வாயைத் திறந்தார்.

மூன்று என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அது மட்டுமல்ல, அதற்குப் பக்கத்துச் சொற்களும் இல்லை. இழுப்பறையை இழுத்தால் காலி, அடுத்ததை இழுத்தால் அதுவும் காலி. வாய் திறந்தே இருந்தது.

"ஐயா, அமுக்குங்க."

அவர் அமுக்க நினைத்தார். நினைப்பு கைக்குப் போய்ச் சேரவில்லை.

"மேடம், விலை ஏறட்டும்னு நிறுத்தியிருக்கார்" என்றாள் நர்ஸ், சிரிப்போடு. "இந்தாங்க, மூணு நாள் லீவு!"

அடிப்பாவி, என்று அவர் கத்த நினைத்தார். விளையாட்டில்லை. இது விளையாட்டில்லை. வாழ்க்கை முழுவதும் ஊரை ஏமாற்றிச் சேர்த்து வைத்த பெயர் இப்போது வட்டியும் முதலுமாக வந்து மார்மேல் உட்கார்ந்திருக்கிறது. அவர் சாகப் பயப்படவில்லை. இப்படியே கிடந்து, எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, ஒரு சொல்லும் இல்லாத ஆளாக வெளியே போவோமோ என்றுதான் பயந்தார். வாத்தை அமுக்கு என்று தன் கையிடம் கெஞ்சினார். வேறு யாரிடமும் அவர் இப்படிக் கெஞ்சினதில்லை.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. இயந்திரத்தின் டிக் டிக் சத்தம் இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது. "துடிப்பு இறங்குது. பலூனை இறக்கு. மருந்து, சீக்கிரம்" என்றாள், அதே தாழ்ந்த குரலில். நர்ஸின் முகத்திலிருந்து சிரிப்பு துடைத்ததுபோல் போனது. யாரோ கதவைத் திறந்துகொண்டு ஓடினார்கள், திரும்பி ஓடி வந்தார்கள். கையில் ஏறியிருந்த குழாய்க்குள் ஏதோ போனது.

கீச்.

சின்னக் கீச். பாதிக் கீச் என்றுகூடச் சொல்லலாம். விளக்கு பழைய இடத்துக்கு வந்தது. உதடு அசைந்தது. "மூ..." என்றார். "மூணு."

"வந்துட்டீங்க" என்றாள் டாக்டரம்மா. அவள் விட்ட மூச்சு முகமூடியை உப்ப வைத்தது. "கழுத்துல அந்த இடத்துல அழுத்தம் பட்டா சிலருக்கு நாடித்துடிப்பு இறங்கிடும், ரத்த அழுத்தமும் கூடவே இறங்கும். எதிர்பாத்ததுதான். பக்கவாதம் இல்ல. கையைத் தூக்குங்க. காலை ஆட்டுங்க. உங்க பேரு?"

அவர் மின்கட்டண ரசீதில் இருக்கும் பெயரைச் சொன்னார். அதற்குப் பிறகு விளக்கை யாரும் ஏலம் கேட்கவில்லை. அவரும் விடவில்லை. வலைக் குழாய் விரிந்து சுவரில் பதிந்துகொண்டது. குடையை மடக்கி வெளியே எடுத்தபோது அதற்குள் மணல் போலச் சில துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் தலைக்குள் போயிருக்க வேண்டியவை என்று டாக்டரம்மா காட்டினாள். அவர் தலையாட்டப் போய், அசையக் கூடாது என்று நினைவு வந்து கண்ணை மட்டும் மூடித் திறந்தார்.

வார்டில் அவரை மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். தொடையில் கட்டு, காலை மடக்கக் கூடாது. டாக்டரம்மா வெளியே மனைவியிடம் பேசுவது அரைகுறையாகக் கேட்டது. நல்லா இருக்கார், எல்லாம் சோதிச்சாச்சு, பேச்சும் சரி, உள்ளே விளக்கையே ஏலம் விட்டார். பிறகு மனைவி வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள். பின்னாலேயே பிரேக்கும் வந்தான்.

"என்னங்க, எப்படி இருக்கு?"

மூணுதரம் வாயைத் திறக்கவில்லை.

முன்பின் பழக்கமில்லாத டாக்டரிடமும் நர்ஸிடமும் ஒற்றை ஒற்றைச் சொல்லாகப் பதில் சொல்ல முடிந்தது. அங்கே ஒரு சொல் மாறி வந்திருந்தால் திரையில் ஒரு கோடு மாறியிருக்கும், அவ்வளவுதான். இவள் முன்னால் வாயைத் திறந்து, தலையணைக்குப் பதிலாக மழை என்று வந்துவிட்டால்? அந்தக் காலி இழுப்பறை மறுபடி வந்துவிட்டால்? இவள் முகம் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மேடையில் அன்று பார்த்திருக்கிறார். வாயை மூடியே வைத்திருந்தால் எதுவும் தெரியப்போவதில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"மாமா?" என்றான் பிரேக்கு. தரையில் கால் மிதிபட்டது.

மனைவி அவரை உற்றுப் பார்த்தாள். அவள் கண் சுருங்கியது. "நீ வெளிய போடா" என்று தம்பியை வாசலுக்குத் தள்ளினாள். திரும்பி வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆரம்பிச்சாச்சா? டாக்டர் எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. உள்ள வாய் கிழியப் பேசிட்டு, என்னைக் கண்டதும் ஊமை வேஷமா? அன்னைக்கு நான் சொன்னது மறந்துபோச்சா?"

அவர் தலையசைக்கப் பார்த்தார். அதுவும் நடிப்பாகத்தான் தெரிந்திருக்கும்.

"நடிங்க. நல்லா நடிங்க. நான் சொல்றதையும் கேட்டுக்கங்க, உங்களைத் தவிர இங்க குறுக்க பேச ஆள் இல்ல." கூடத்தில் ஒருபோதும் கேட்காத குரல் அது. பக்கத்துக் கட்டில்காரர் செய்தித்தாளைக் கீழே இறக்கினார். "அந்தக் கதவுக்கு வெளிய உக்காந்திருந்தேன். ஒரு பொண்ணு ஓடி வந்தா. ஏதோ மருந்தை எடுத்துக்கிட்டு ஓடினா. என்னம்மான்னு கேட்டேன், நில்லுங்கன்னா. எனக்கு அப்ப என்ன தோணுச்சு தெரியுமா? செத்துடுவீங்கன்னு தோணல. 'இந்த மனுஷன் உள்ள நிஜமா தவிச்சுக்கிட்டு இருப்பார், விளையாடுறாருன்னு சொல்லி எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருப்பாங்க'ன்னு தோணுச்சு. கதவைத் தட்டி, அது விளையாட்டு இல்ல, அவர் வாயைத் திறந்து பாருங்கன்னு கத்தலாமான்னு எழுந்தேன். கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். நான் அங்க அப்படி உக்காந்திருந்தேன். நீங்க இங்க வந்து எனக்கே வேடிக்கை காட்டுறீங்க."

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "எனக்குப் போதும். பேசுறப்போ பேசுங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். திரும்பி இரண்டடி வைத்தாள். அவரால் எழுந்து பிடிக்க முடியாது. காலை மடக்கக்கூட முடியாது. இனி எந்தச் சொல் வந்தாலும் வரட்டும் என்று வாயைத் திறந்தார்.

"பயமாயிருக்கு."

அவள் நின்றாள். இத்தனை வருஷத்தில் அந்த ஆள் வாயிலிருந்து வராத சொல் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அவள் திரும்பி வந்து, முதலில் சந்தேகமாக, பிறகு சந்தேகமில்லாமல் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பேசவே பயமாயிருக்கு" என்றார். ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்து எடுத்து வைத்தார். "உள்ள... நடுவுல எல்லாம் போச்சு. ஒண்ணுமே இல்ல. நீ சொன்ன மாதிரியேதான். சிரிச்சாங்க. உங்கிட்டப் பேசும்போது மாறி வந்துட்டா... அதான்."

மனைவி பையைக் கழற்றிக் கட்டிலின்மேல் போட்டாள். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். "இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றாள். அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "மாறி வந்தா வரட்டுமே. கட்டிலைக் கப்பல்னு சொல்லுங்க. எனக்குப் புரியும். எனக்குப் புரியாம வேற யாருக்குப் புரியப்போகுது?"

பிறகு அவள், மாத்திரை போடுகிறவளின் கண்டிப்போடு, "சரி, பாத்துடுவோம். இது என்ன?" என்று கேட்டாள்.

"தண்ணிச் செம்பு."

"இது?"

"உன் பை. ஜிப்பு பிஞ்சது."

"அது?"

"ஜன்னல்."

ஒவ்வொரு சொல்லும் வந்தபோது அவள் பிடி கொஞ்சம் தளர்ந்தது. வெளியே அனுப்பப்பட்ட பிரேக்கு பொறுக்க முடியாமல் கதவிடுக்கில் தலையை நீட்டினான். அவள் விரலை அவன் பக்கம் திருப்பினாள்.

"அது யாரு?"

மூணுதரம் பார்த்தார். நெற்றி சுருங்கியது. வாய் திறந்தது, மூடியது. மனைவியின் விரல்கள் அவர் கையை இறுக்கின. பக்கத்துக் கட்டில்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"எருமை" என்றார்.

பிரேக்கு வாசலிலேயே தரையை ஓங்கி மிதித்தான். "அய்யய்யோ, அக்கா! மாமாவுக்கு வார்த்தை மாறிப்போச்சு! நர்ஸம்மா!" என்று வராந்தாவில் ஓட்டம் பிடித்தான்.

மூணுதரம் கடைக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அவள் அவர் கையை விடாமல், தலையைக் கட்டில் விளிம்பில் சாய்த்து, கண்ணீரும் மூக்குமாகக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாறலடா," என்று வராந்தாப் பக்கம் கத்தினாள், வார்டு முழுவதும் கேட்க. "சரியாத்தான் சொல்றாரு!"